பொருளாளர் வாசித்த நல்ல செய்தி

நான் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் பணத்தைப் பற்றியும் எனக்குத் தெரியும் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். பேராதனையில் வசதியில்லாத சிறுநீரக நோயாளிகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கும் எங்கள் சிறிய நிதியத்துக்கு அப்படித்தான் பொருளாளர் ஆனேன்.

விலைகள் தலைதெறிக்க ஏறிய காலத்தில் கையிருப்பு இல்லாமல் மருந்துக் கடைகளில் கெஞ்சி நின்றிருக்கிறோம். அந்தப் பயத்தில், வருகிற பணத்தில் பாதியை வங்கியில் நிலையான வைப்பில் போட்டேன். தலைவியான டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். வத்தேகமத் தோட்டங்களிலிருந்து கிளினிக் வருகிறவர்களுக்கு ஒரு வான் வண்டி பிடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் பிடி கொடுக்கவில்லை. வைப்புச் சான்றிதழை வீட்டு அலுமாரியில் மனைவியின் கூறைச்சேலைக்கு அடியில் வைத்திருந்தேன். அவர் தன் சேலையை எடுக்க என்னிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

ஆண்டுக் கூட்டத்துக்கு அக்குறணை ஹாஜியார் வந்து முன்வரிசைக் கதிரையில் உட்கார்ந்தார். புடவைக்கடை முதலாளி, மாதந்தோறும் எங்களுக்குப் பெரிய தொகை தருபவர். அவரை அசத்த நினைத்துக் கையிருப்புத் தொகையை இரண்டு தடவை வாசித்தேன். கைதட்டலுக்காகச் சற்று நிறுத்தியும் பார்த்தேன்.

"அல்ஹம்துலில்லாஹ். நல்ல சந்தோஷம், மாஸ்டர்," என்றார் ஹாஜியார். "கையில இவ்வளவு ஈக்கிது. அப்ப எங்கட காசு இனித் தேவப்படாது தானே. வேற எடத்துக்குக் குடுக்கிறேன்."

"அப்படி இல்லீங்க ஹாஜியார், நாங்க ரொம்பக் கஷ்டத்துல இருக்கோம்," என்றேன்.

"இப்பதானே ரெண்டு தரம் வாசிச்சீங்க?"

கூட்டம் சிரித்தது. டொக்டர் எழுந்தார்.

"காசு கிடக்கிறது உண்மைதான் ஹாஜியார். ஆறு மாச மருந்துக்குக் காணக்கூடியதை வைச்சுக்கொண்டு, மிச்சத்தில நோயாளியளுக்கு வான் விடப்போறம். மாஸ்டரும் ஓம் எண்டிட்டார்."

நான் அப்படிச் சொன்னதே இல்லை. ஆனாலும் தலையை ஆட்டினேன், அந்த யோசனையே என்னுடையது போல.

வான் ஓடத் தொடங்கியது. ஹாஜியார் உதவியை நிறுத்தவில்லை. டீசலுக்கென்று கொஞ்சம் கூட்டியும் தந்தார். முதல் நாள் கிளினிக் வாசலில் இறங்கிய ஒரு தோட்டத்து அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான் வான் போட்டீங்கன்னு டொக்டரம்மா சொன்னாங்க. நல்லா இருக்கணும் சார்."

மறுக்க மனம் வரவில்லை. "பரவாயில்லைங்கம்மா," என்றேன், பெரிய மனிதனைப் போல.

"ஏர்ற படிதான் ஒசரமா இருக்கு. முட்டி வலிக்குது," என்றார்.

ஒரு சின்னப் படி செய்ய எவ்வளவு ஆகும் என்று மனம் உடனே கணக்குப் போட்டது. பிறகு வெட்கப்பட்டு, வீட்டில் நான் ஏறி நின்று பல்ப் மாற்றும் மரப்பெட்டியைக் கொண்டுபோய் வானுக்குள் வைத்தேன்.