திருத்தணியிலிருந்து திரும்பாத ரயில்

போன ஞாயிற்றுக்கிழமை திருப்பதியில் ஒரு ரயிலை நிறுத்திவிட்டோம்.

அபாயச் சங்கிலியை இழுக்கவில்லை. தண்டவாளத்தில் தலைவைத்துப் படுக்கவில்லை. ஒரு மேஜையைச் சுற்றி நின்றுகொண்டு கத்தினோம், அவ்வளவுதான்... நின்றுவிட்டது.

பயப்படாதீர்கள். ஒரு முழ நீள ரயில். சாவி கொடுத்தால் ஓடும்.

'ரேணிகுண்டாவிலிருந்து அரக்கோணம் வரை, மலை, ஆறு, ஸ்டேஷன் சகிதம், பார்க்கத் தவறாதீர்!' என்று புத்தூர் பஸ் நிற்கிற இடத்துச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். திருப்பதி கோடை எக்ஸிபிஷனுக்கு யாரோ பொம்மை ரயில் கொண்டுவந்திருக்கிறார். அந்த நோட்டீஸைப் படித்த நாளிலிருந்து என் மகள் தேவானை வேறு எதையும் படிக்கவில்லை. ஏழு வயது. முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அந்த இடைவெளியில் அவளுடைய கேள்விகள் பாதி காற்றாக வரும்.

"நைனா, அந்த ரயிலு திருத்தணிக்குப் போவுமா?"

"போவும்."

"கண்டிப்பா?"

"அரக்கோணம் போகணும்னா திருத்தணி மேலதான் போயாவணும். பறந்தா போவும்?"

திருத்தணி மேல் இவளுக்கு என்ன இவ்வளவு அக்கறை? காரணம் இருக்கிறது. அவளுடைய அம்மா அங்கே இருக்கிறாள். இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள், பையனைப் பெற்றுவிட்டாள். மூன்றாம் மாதம்தான் அனுப்புவார்களாம்; அது எப்போது பிறக்கும் என்று அவளும் காத்திருக்கிறாள், நாங்களும் காத்திருக்கிறோம். அதுவரை புத்தூர் வீட்டில் நானும் மகளும். என் சமையலைப் பற்றி இந்தப் பத்தியில் ஏற்கெனவே புலம்பியிருக்கிறேன். பாதிப் பேர் அனுதாபப்பட்டு எழுதினீர்கள். மீதிப் பேர், குழந்தை உயிரோடு இருக்கிறாளா என்று விசாரித்தீர்கள். இருக்கிறாள். பொம்மை ரயில் பார்க்கக்கூடப் போனாள்.

வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். ஏழு மலையும் அடுப்பில் வைத்த கற்கள் மாதிரி நீலப் புகை விட்டுக்கொண்டிருந்தன. கொட்டகைக்குள் நுழைந்தால் அங்கேயும் அதே மலை. காகிதக் கூழில் செய்து, பச்சை அடித்து, உச்சியில் பஞ்சால் மேகம் ஒட்டியிருந்தார்கள். நிஜத் திருமலைக்கு அன்று ஒரு மேகம்கூடக் கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் கலை இயற்கையைத் தோற்கடித்துவிட்டது என்று நான் சொல்லத் தொடங்கியபோது, மகள் என்னை இழுத்துக்கொண்டு மேஜைக்குப் போய்விட்டாள்.

நீள மேஜை. ஒரு கோடியில் திருமலை, அதன் அடியில் ரேணிகுண்டா. மறு கோடியில் கறுப்புத் துணி போர்த்திய ஒரு குகை... அதுதான் அரக்கோணமாம்! நடுவில் புத்தூர், மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற நகரி மலை, அப்புறம் குட்டிக் கோயிலோடு திருத்தணி. தகரத் தண்டவாளம். திருமலை அடியிலிருந்து ஒரு சிவப்பு எஞ்சின் மூன்று பெட்டிகளோடு 'கிர்ர்ர்' என்று கிளம்பி, சரிவில் இறங்கி, ஒவ்வொரு ஊராகத் தாண்டி, குகைக்குள் போய் மறைகிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடி திருமலை அடியிலிருந்து புறப்படுகிறது. சொந்தக்காரர் சுப்பராயலு பக்கத்தில் நின்று வாயாலேயே விசில் ஊதினார். அந்த விசிலைக் கேட்டால் நிஜ ரயில்கூட வழிவிடும்.

நோட்டீஸில் சொல்லாத ஒரு விசேஷமும் அங்கே இருந்தது. திருத்தணி ஸ்டேஷன் போர்டு!

எங்கள் ஜில்லாவில் இப்போது எல்லாரும் பேசுகிற பேச்சு உங்களுக்குத் தெரிந்ததுதான். எல்லை. எந்த ஊர் ஆந்திராவோடு, எந்த ஊர் சென்னை ராஜ்யத்தோடு? பதில் டில்லியில் இருக்கிறது. பதில் வருகிற வரை சவரக்கடையில் எல்லை, சாப்பாட்டுக்கடையில் எல்லை, சாவு வீட்டில் பாடையைச் சுற்றி நின்றுகொண்டு எல்லை. திருத்தணி சென்னையோடு போய்விடும் என்கிறார்கள். சத்தியவேடு இங்கே வந்துவிடும் என்கிறார்கள். இந்த அமளியில் திருத்தணிக்கு ஒரு போர்டு எழுதி வைப்பது என்றால் சும்மாவா?

சுப்பராயலு புத்திசாலி. தகரத் துண்டின் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் தெலுங்கு. மேஜைக்கடியில் ஒரு நூல். மேஜையைச் சுற்றி நிற்கிறவர்கள் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்பார். தமிழ் என்றால் நூலை இப்படி இழுப்பார். தெலுங்கு என்றால் அப்படி. வந்தவர்களுக்குத் திருப்தி, கொட்டகைக்கும் சேதமில்லை.

நல்ல ஏற்பாடு. சித்தூர் ஜில்லாவைத் தவிர வேறு எங்கேயும் பலித்திருக்கும்.

எங்கள் பக்கத்தில் ஒருவன் எந்தக் கட்சி என்று அவன் பேச்சை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா? சந்தையில் தெலுங்கு, அடுப்படியில் தமிழ், ஆபீஸில் இரண்டையும் கலந்து நடுவில் இங்கிலீஷ். கோபம் வந்தால் எது முதலில் வாயில் அகப்படுகிறதோ அது. எனக்குப் பக்கத்தில் நகரியிலிருந்து வந்த தறிக்காரர் ஒருவர், தோளில் சிவப்புத் துண்டு, நின்றுகொண்டிருந்தார். திருத்தணி தமிழனுக்கே என்று கூட்டங்களில் முழங்குகிறவராம். அந்த நேரம் பார்த்து யாரோ அவர் காலை மிதித்துவிட்டார்கள். மனிதர் அவனைச் சுத்தமான தெலுங்கில் வம்சத்தோடு திட்டினார்.

சுப்பராயலு நூலை இழுத்தார். போர்டு தெலுங்குக்குத் திரும்பியது.

"யோவ்! இன்னாய்யா இது? திருத்தணிக்குத் தெலுங்குல போர்டா? முருகன் கீற ஊருய்யா அது!"

எதிரே குடையோடு நின்ற திருப்பதிக்காரர் நிமிர்ந்தார். அரிசி மில்லில் கணக்குப்பிள்ளை. திருத்தணியை ஆந்திரா விடவே கூடாது என்கிற கட்சி. ஆனால் ரயில் வருகிற சந்தோஷத்தில், ஒரு நிமிஷம் முன்னால்தான் தன் சம்சாரத்திடம், "அடியே, பாரு பாரு, வளைஞ்சி வர்றத பாரு!" என்று தமிழில் கூவியிருந்தார். சுப்பராயலு அதையும் கேட்டுவிட்டார். போர்டைத் தமிழுக்குத் திருப்பினார்.

"ஏமய்யா, எதுக்குத் திருப்பற? இன்னிக்குத் தேதில திருத்தணி எந்த ஜில்லா? சித்தூர் ஜில்லா! முருகன் அவங்களுக்கு மட்டும் சொந்தமா? சுப்ரமணியேஸ்வர ஸ்வாமின்னு நாங்க கும்பிடலியா?"

"கும்பிடுங்க, யாரு வாணாம்னா? போர்டுல கைய வெக்காதீங்க!"

"அய்யா, சாமி..." சுப்பராயலு கும்பிட்டார். "நேனு ரயிலு ஓட்டறவன். ராஜ்யம் ஓட்டறவன் இல்லீங்க."

"போர்டு சரியாவற வரைக்கும் ரயிலு நவுரக் கூடாது!" என்றார் சிவப்புத் துண்டு.

"ஆமா, நவுரக் கூடாது!" என்றார் குடை.

அந்த ஒரு விஷயத்தில் இருவரும் ஒற்றுமை. நகரி மூக்குக்கும் திருத்தணிக்கும் நடுவில் குடையின் நுனி குறுக்கே இறங்கியது. ரயில் அதில் முட்டிக்கொண்டு, சக்கரம் சுழன்று, உறுமி, அடங்கியது. கொட்டகையில் இருந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கட்சி சேர்ந்து கத்தினார்கள். நானும் கத்தினேன். எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். பத்திரிகை இரண்டு பக்கமும் விற்கிறது.

என் சட்டையை யாரோ இழுக்கிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரமாகவே இழுக்கிற மாதிரி.

"நைனா, அங்கேந்து ஒண்ணும் வர்லியே?"

"வரும், வரும். இரு."

"இல்ல நைனா. நான் அப்போலேந்து பாத்துக்கினே கீறேன். எல்லா ரயிலும் திருத்தணிக்குப் போவுது. அங்கேந்து ஒண்ணுகூட வர்லை."

நான் மறுபடி கத்தப் போனேன். அதற்குள் அவள் கத்திவிட்டாள்.

"கொடைய எடுங்க! எங்கம்மா அங்க கீறாங்க!"

குடைக்காரர் குனிந்தார். "எங்கேம்மா கீறாங்க?"

"திருத்தணில. தம்பிப் பாப்பாவோட. எல்லை போட்டுட்டா எங்கம்மாவ அனுப்ப மாட்டாங்களாம். தாத்தா சொன்னாரு."

அப்புறம்தான் அழுகை வந்தது. முன்பல் இல்லாத அழுகை. பார்க்க வேடிக்கையாக இருக்கும், பார்க்க முடியாது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. திருத்தணியில் தம்பிக்குப் பேர் வைத்த அன்று என் மாமனார் இவளை மடியில் வைத்துக்கொண்டு விளையாடினார். "எல்லை கிழிச்சிட்டா திருத்தணி எங்க ராஜ்யம். உங்கம்மாவும் எங்க ராஜ்யம். நீயும் உங்க நைனாவும் புத்தூர்ல கூழு குடிச்சிக்கினு கெடங்க!" பந்தி முழுக்கச் சிரித்தோம். இவளும் சிரித்த மாதிரித்தான் ஞாபகம். நாங்கள் இலையை மூடிவிட்டுக் கை கழுவிக்கொண்டோம். இவள் அந்தப் பேச்சை விழுங்காமல், துப்பாமல், இத்தனை நாளும் கன்னத்தில் அடக்கிவைத்திருக்கிறாள்.

குடைக்காரர் குடையை எடுத்துக்கொண்டார். ரயில் மிச்சமிருந்த சாவியில் ஊர்ந்து குகைக்குள் போனது.

"சுப்பராயலு, ரயில ரிட்டர்ன் உடு," என்றார் குடை.

சுப்பராயலு தலையைச் சொறிந்தார். "ரிட்டர்ன் லேதண்டி. இது போற ரயிலு."

"அப்போ அங்க எப்படிய்யா மறுபடி வருது?"

பதில் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தானாகவே தலையை நீட்டியது. அவருடைய மச்சான். வேர்வையில் குளித்திருந்தார். மார்போடு ரயிலை அணைத்திருந்தார். ஒவ்வொரு தடவையும் அவர்தான் அதை வாங்கிக்கொண்டு, மேஜைக்கடியில் மண்டி போட்டு நகர்ந்து, திருமலையில் சேர்க்கிறாராம்.

எல்லாரும் சிரித்தார்கள். தேவானை சிரிக்கவில்லை. "பாத்தியா நைனா? தானா வர்லை. தூக்கிக்கினுதான் வராங்க."

இதற்கு என்ன சொல்வீர்கள்? நான் பத்தி எழுதுகிறவன், வாரம் தவறாமல் உங்களுக்கு நியாயம் சொல்கிறவன்... வேட்டி நுனியால் அவள் மூக்கைத் துடைத்துவிட்டேன்.

துண்டுக்காரர்தான் ரயிலை வாங்கி எதிர்ப்பக்கம் திருப்பித் திருத்தணியில் வைத்தார். சுப்பராயலு சாவி கொடுத்தார். ரயில் கிளம்பியது. நகரி மூக்கு வரை வந்தது. அங்கே மேடு. இதுவரை சரிவில் இறங்கியே பழகிய எஞ்சின்! திணறியது, பெருமூச்சு விட்டது... சரசரவென்று பின்வாங்கித் திருத்தணிக்கே போய்ச் சேர்ந்தது.

என் மகள் என்னைப் பார்த்தாள். கொட்டகையே என் மகளைப் பார்த்தது.

"இதப் பிடிங்க," என்று குடைக்காரர் தன் குடையைத் துண்டுக்காரரிடம் நீட்டினார். மனிதர் யோசிக்காமல் வாங்கிக்கொண்டார். குடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேஜைமேல் சாய்ந்து, கடைசிப் பெட்டியை ஆள்காட்டி விரலால் தள்ளத் தொடங்கினார்.

"யோவ், மெள்ளத் தள்ளுய்யா! உள்ள கைக்கொழந்த கீது!" என்றார் துண்டு.

"தெரியும், தெரியும். நானும் புள்ளக்குட்டிக்காரன்தான்."

"போதும் உடு. நகரி எங்க ஊரு. இங்கேந்து நான் தள்றேன்."

கை மாறியது. துண்டு தள்ளியது. குடை கூடவே நடந்து, "கல்லு கீது பாரு, பைய, பைய," என்றது. சுப்பராயலு விசில் ஊதினார். ரயில் புத்தூரில் நின்றது.

"எறங்கிட்டாங்களா?" என்றாள் தேவானை.

துண்டுக்காரர் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். "தோ, எறங்கறாங்க. தம்பி தூங்குறான். சத்தம் போடாத."

திருத்தணி போர்டை யாரும் கவனிக்கவில்லை. யாருடைய முழங்கையோ பட்டு அது பக்கவாட்டில் திரும்பி, எந்த மொழியும் தெரியாமல் ஒரு தகரக் கோடாக நின்றுகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு கேள்வி. "நைனா, நெஜ ரயில யாரு தள்ளுவாங்க?"

இதற்குப் பிறகும் மூன்றாம் மாதம் பிறக்கட்டும் என்று உட்கார்ந்திருக்க முடியுமா? மறுநாள் காலையில் நிஜ ரயிலில் ஏறிவிட்டோம். போய்ப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பி வருவதென்று திட்டம். திரும்பி வருவதுதான் திட்டமே! வழியெல்லாம் ஜன்னலில் முகத்தை வைத்து எல்லையைத் தேடினாள். மாந்தோப்பு வந்தது. நகரி மூக்கு வந்தது. வாய்க்காலில் எருமை வந்தது. எல்லை வரவில்லை. எதிரே வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த அம்மாளைக் கேட்டாள். அந்த அம்மாள் வெளியே எட்டிப் பார்த்து, "இன்னும் போடலம்மா. போட்டா சொல்றேன். இந்தா, துன்னு," என்று ஒரு பிடி கடலை கொடுத்தாள். டில்லியிலிருந்து வருகிற பதில் இதைவிடத் தெளிவாக இருந்தால் சந்தோஷம்.

திருத்தணியில் அம்மா மடியில் கொஞ்ச நேரம், தம்பி கால்விரல்களை எண்ணிப் பார்ப்பதில் கொஞ்ச நேரம். புறப்படுகிற சமயம் மாமனார் வாசலில் வழிமறித்தார். பழைய வேடிக்கை இன்னும் தீரவில்லை அவருக்கு.

"இன்னாம்மே, எல்லை போடப்போறாங்க. உங்கம்மா இனி எங்களுக்குத்தான்!"

தேவானை செருப்பை மாட்டிக்கொண்டே நிதானமாகச் சொன்னாள். "போட்டுக்கோ தாத்தா. ரயிலு வர்லைன்னா பின்னால கையால தள்ளுவாங்க. ரெண்டு கட்சிக்காரங்களும் தள்ளுவாங்க. நான் பாத்துட்டேன்."

மாமனாருக்கு ஒன்றும் புரியவில்லை. ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தபோது நான் கொட்டகைக் கதை முழுவதையும் சொன்னேன். மனிதர் பேத்தி தலையைத் தடவியபடியே வந்தார். மூன்றாம் மாதம் முதல் நல்ல நாளில் தானே மகளைக் கொண்டுவந்து விடுவதாக, யாரும் கேட்காமலேயே பேத்தியிடம் சத்தியம் செய்தார். மனம் இளகிவிட்டது, எல்லையை மறந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

வண்டி நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்து, பேத்திக்குக் கேட்காமல் என்னிடம் கேட்டார்:

"மாப்ளே, ரெண்டு பேர்ல யாரு ஜாஸ்தி தூரம் தள்ளனாங்க... நம்ப ஆளுதானே?"