பஜார் ரோட்டுத் திட்டிவாசல்

நான் வழிகாட்டி வேலைக்குப் போனது பிழைப்புக்காக. அதில் வருடக்கணக்காக ஒட்டிக்கொண்டு கிடந்தது ஒரு மனிதரைப் பழிவாங்குவதற்காக. இதை மூடி மறைத்துப் பேசும் ஆசை எனக்கு இப்போதும் இல்லை.

எண்பதுகளில் மட்டாஞ்சேரிக்கு வெள்ளைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கியிருந்தார்கள். எர்ணாகுளத்திலிருந்து படகில் வந்து துறையில் இறங்குவார்கள். தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு, கையில் குடையோடு நான் நிற்பேன். கான்வென்ட் இங்கிலீஷ், வீட்டுத் தமிழ், தெரு மலையாளம் மூன்றும் எனக்கு ஓடும். ராவுத்தர் வீட்டுப் பெண் அந்நிய ஆண்களைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தால் ஊர் சும்மா இருக்குமா? ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அத்தா இறந்துவிட்டிருந்தார். அம்மா வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. அடுப்பு எரிய வேண்டும், அதனால் நடந்தேன்.

முதலில் அரண்மனை. டச்சு அரண்மனை என்று பெயர். கட்டிக் கொடுத்தது போர்த்துகீசியர், இருந்து ஆண்டது கொச்சி ராஜா, நடுவில் வந்து பழுதுபார்த்த டச்சுக்காரனுக்குப் பெயர். உழைப்பவன் ஒருவன், பேர் வாங்குபவன் ஒருவன் என்பது இந்த ஊரில் அன்றே தொடங்கிவிட்டது என்பேன். வெள்ளைக்காரர்கள் சிரிப்பார்கள். பிறகு யூதர் தெருவான ஜூ டவுன். அவர்கள் தொழுகை நடத்தும் யூதர் பள்ளியில் செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் பதித்த நீலமும் வெள்ளையுமான சீன ஓடுகளை வெள்ளைக்காரர்கள் குனிந்து குனிந்து பார்ப்பார்கள். அதற்கப்புறம் பஜார் ரோடு. மற்ற வழிகாட்டிகள் அங்கே வேகமாக நடப்பார்கள், நான் மெதுவாக நடப்பேன்.

அந்த ரோட்டுக் கிடங்குகளுக்கு முன்வாசல் தெருவில், பின்வாசல் காயலில். படகில் வரும் சரக்கு பின்னால் இறங்கி, முன்னால் கைவண்டியில் ஏறும். முன்பக்கத்தில் தேக்குப் பலகையில் இரட்டைக் கதவு, யானை நுழையும் உயரம். அதில் ஒரு கதவின் கீழ்ப்பகுதியில் சின்னதாக ஒரு திட்டிவாசல் வெட்டியிருக்கும். பெரிய கதவு சரக்குக்கு, திட்டிவாசல் ஆட்களுக்கு. சரக்கு நிமிர்ந்து போகும், ஆள் குனிந்து போக வேண்டும். கட்டடக்கலை படித்தவர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ, நான் இப்படித்தான் சொன்னேன்.

எழுபதுகளின் நடுவில் அம்மா அப்படி ஒரு கிடங்கில் ஏலக்காய் பொறுக்கப் போனாள். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போனேன். உள்முற்றத்தில் பெண்கள் வரிசையாக முறத்தோடு உட்கார்ந்து பச்சையைத் தனியாக, வெளிறியதைத் தனியாக, வெடித்ததைத் தனியாகப் பிரிப்போம். சாயங்காலம் வேலை முடிந்ததும் ஒரு வழக்கம் உண்டு. தூணுக்குப் பின்னால் வயதான வேலைக்காரி ஒருத்தி நிற்பாள். அவள் முன்னால் முந்தானையை உதற வேண்டும், மடியை அவிழ்த்துக் காட்ட வேண்டும், கொண்டையைத் தளர்த்திக் காட்ட வேண்டும். ‘ஒண்ணும் எடுத்திட்டில்ல’, எதுவும் எடுக்கவில்லை என்று வாயால் சொல்லிவிட்டு, திட்டிவாசலில் குனிந்து வெளியே போக வேண்டும். எல்லாக் கிடங்கிலும் இதுதான் நடைமுறை. பெண்ணுக்குப் பெண் என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொண்டைக்குள் பேன் இருக்கிறதா பார் என்று கேலி பேசிக்கொண்டே உதறுவார்கள்.

ஒரு நாள் ஏலக்காயில் ஒரு சாக்கு குறைந்தது. முதலாளியே வாசலுக்கு வந்து நின்றார். வரிசையில் இருந்தவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு அம்மாவைத் தெருவுக்கு வரச் சொன்னார். ஒரு சாக்கு ஏலக்காயை ஒரு பெண் கொண்டைக்குள் வைத்துக் கொண்டுபோக முடியுமா என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

“பாண்டிகளெ விஸ்வசிக்கான் கொள்ளில்ல” என்றார். பாண்டிகளை நம்பக் கூடாதாம். அத்தாவின் அத்தா காலத்திலேயே வந்து குடியேறிய குடும்பம் எங்களுடையது. ஆனாலும் தமிழ் பேசினால் அவருக்குப் பாண்டிதான்.

நான் அம்மாவுக்கு அடுத்ததாக வரிசையில் உள்ளே நின்றிருந்தேன். திட்டிவாசலின் சதுரத்தில் அம்மாவின் இடுப்புக்குக் கீழேதான் எனக்குத் தெரிந்தது. வெளியே கைவண்டிச் சத்தம் நின்றுபோனது. சுமை தூக்கும் சுமட்டுக்காரர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள் என்று புரிந்தது. “தலையில் இருக்கறத எடு. முடி அழிச்சு காட்டு” என்று, கொண்டையை அவிழ்க்கச் சொல்லும் முதலாளியின் குரல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அம்மாவின் கூந்தல் இடுப்புக்குக் கீழே இறங்கி அந்தச் சதுரத்துக்குள் வந்தது. வீட்டில் அத்தாவைத் தவிர எந்த ஆணும் பார்க்காத முடி அது. கொண்டை ஊசிகள் கல்லில் விழுந்தன. வேறு எதுவும் விழவில்லை.

மறுநாள் சாக்கு கிடைத்தது. படகின் அடித்தட்டில், தார்ப்பாயின் கீழே, இறக்காமலே விட்டிருந்தார்கள். படகுக்காரன் சொல்லித் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. முதலாளி ஆள் விட்டார். நாளையிலிருந்து வேலைக்கு வரச் சொல்லு என்பதுதான் செய்தி. தப்பாகிவிட்டது என்று ஒரு வார்த்தை, அதுவும் ஆள் மூலமாகச் சொல்வதற்குக்கூட அவருக்கு மனம் வரவில்லை.

அம்மா போகவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எங்கேயுமே போகாமல் ஆனாள். படகில் சாக்கு கிடைத்த கதை துறையோடு நின்றுவிட்டது, திருட்டுக் கதை தெருத்தெருவாகப் போனது. கல்யாண வீட்டுக்குப் போனால் “ஏலக்காய்க்காரி வந்தாச்சு, பிரியாணிக்குக் கவலையில்ல” என்று ஒருத்தி சிரித்தாள். அன்றோடு கல்யாண வீடும் நின்றது. அந்த மனிதர் அதே ரோட்டில், தன் வாயால், அவள் எடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் வேண்டும். அதைக் கேட்காமல் சாகக் கூடாது என்று இருந்தேன்.

எண்பதுகளில் ஏலம், மிளகு என்ற மலைச்சரக்கு வியாபாரம் அவருக்குப் படுத்துவிட்டது. கிடங்கின் முன்கட்டில் பழைய விளக்கு, உருளி, உடைந்த தூண், கப்பல் மணி எல்லாம் வாங்கி அடுக்கிப் பழம்பொருள் கடை போட்டார். ஒரு நாள் நான் ஆட்களோடு போகும்போது கூப்பிட்டார்.

“மோளே, இவரெ இவிடெ கொண்டு வா. சாயா கொடுக்காம். ஈ வாதிலின்டெ பெருமை பற.”

இவர்களை இங்கே கூட்டி வா, டீ தருகிறேன், இந்தக் கதவின் பெருமையைச் சொல் என்கிறார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? முதலாளிகள் வேலைக்காரர்களின் கையைப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்ப்பதில்லை. கதவின் பெருமையைத் தாராளமாகச் சொல்கிறேன் என்றேன்.

சொன்னேன். இந்தத் திட்டிவாசலில்தான் ஏழைப் பெண்களைத் திருடிகள் என்று சோதித்தார்கள், சோதித்த மனிதர் இதோ நிற்கிறார் என்று இங்கிலீஷில் அழகாகச் சொன்னேன். அவருக்கு விலை பேசும் அளவுக்குத்தான் இங்கிலீஷ். பெருமையாகத் தலையாட்டினார். சோதனை எப்படி என்று இவர்கள் கேட்கிறார்கள், செய்து காட்ட முடியுமா என்று மலையாளத்தில் கேட்டேன். அதற்கு அவர் வெட்கப்படவே இல்லை. “எங்கள் கிடங்கில் ஒரு ஏலமணி வெளியெ போவில்ல” என்று பீற்றிக்கொண்டு உள்ளே போனார். தோள் துண்டை எடுத்து உதறினார். வேட்டி மடிப்பை விரித்துக் காட்டினார். கைகளைத் தூக்கினார். “ஒண்ணும் எடுத்திட்டில்ல” என்று சொல்லிவிட்டு, திட்டிவாசலில் குனிந்து தெருவுக்கு வந்தார். வெள்ளைக்காரர்கள் படம் எடுத்தார்கள். எனக்கு வயிறு குளிர்ந்தது.

அதன் பிறகு என் ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவர் குனிந்தார். மழைக்காலத்தில் முட்டி வலிக்கிறது என்றாலும், வந்தவர்கள் ஆசைப்படுகிறார்கள் என்று நான் சொன்னால் குனிவார். கூட்டம் இருந்தால் வியாபாரம் வரும் என்று அவர் கணக்கு. தெருவில் சுமட்டுக்காரர்களும் அந்நாளில் ஏலக்காய் பொறுக்கிய பெண்களும் கைவேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வருவார்கள். அவர்களுக்கு என்னையும் தெரியும், விஷயமும் தெரியும். ஒருவரும் மூச்சு விடவில்லை. சிலர் கைதட்டுவார்கள், அவரும் சிரித்துக்கொண்டு கும்பிடுவார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்வேன். முதலில் அவள் நம்பவில்லை.

“பொய் சொல்லாத புள்ளே. அவரு எதுக்குக் குனியறாரு?”

“நான் சொன்னா குனியறாரு.”

“பகைய இப்பிடி சோறு போட்டு வளக்காதே” என்பாள். ஆனால் அடுத்த நாளும் கேட்பாள், இன்னிக்குக் குனிஞ்சாரா என்று. ஒரு காலையில் நான் கிளம்பும்போது அடுப்பை அணைத்துவிட்டு எழுந்து சேலை மாற்றினாள். “எப்பிடிக் குனியறாருன்னு நானும் பாக்கறேன்” என்றாள். நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பேசினால் மனம் மாறிவிடுவாள் என்று பயம்.

அரண்மனையையும் யூதர் பள்ளியையும் அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கூட்டத்தின் கடைசியில், குடைக்குக் கீழே நடந்து வந்தாள். பஜார் ரோட்டில் மிளகாய் நெடியில் வெள்ளைக்காரர்கள் தும்மினார்கள். முதலாளி வெள்ளை வேட்டியில் தயாராக நின்றார். நான் கதையைச் சொன்னேன். அவர் உள்ளே போய்த் துண்டை உதறி, மடியை விரித்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி, வெளியே வரக் குனிந்தார். தலை திட்டிவாசலுக்கு வெளியே வந்தது. அப்போது அம்மா முன்னால் போய் வாசலை மறித்து நின்றாள். நான் திட்டமிட்டதல்ல இது.

“முதலாளி, அன்னிக்கு அந்தச் சாக்கு எங்க இருந்துச்சு?” என்று கேட்டாள்.

“ஏது சாக்கு?”

“ஏலக்கா சாக்கு. இதே எடத்துல நிக்க வெச்சு என் முடியில தேடுனீங்களே, அந்தச் சாக்கு.”

அவர் கழுத்தைத் திருப்பி அண்ணாந்து பார்த்தார். அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு எல்லாம் ஒன்றாக விளங்கியிருக்க வேண்டும். முகம் வெளுத்தது. பின்னால் போகலாம், ஆனால் உள்ளே கடைப்பையன்கள் எட்டிப் பார்த்து நின்றார்கள். முன்னால் அம்மா. தெருவில் யாரும் அசையவில்லை. சுமட்டுக்காரர்களில் தலை நரைத்த ஒருவர் மெதுவாக, “பற முதலாளி” என்றார். சொல்லச் சொல்லி.

“வஞ்சியில்” என்றார் அவர். படகில்.

“யாரு எடுத்தா?”

“ஆரும் எடுத்திட்டில்ல.”

“கேக்கல. கொஞ்சம் ஒறக்கெ.”

“ஆரும் எடுத்திட்டில்ல. வஞ்சியில் தன்னெ உண்டாயிருந்நு” என்று உரக்கச் சொன்னார். யாரும் எடுக்கவில்லை, படகிலேயேதான் இருந்தது. காயல் பக்கம் வரை கேட்டிருக்கும். அம்மா விலகி வழி விட்டாள். அவர் வெளியே வந்து நிமிர முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று வெள்ளைக்காரர்கள் என்னைத் துளைத்தார்கள். ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். என் தொழிலில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் மொழிபெயர்த்ததில்லை.

திரும்பி வரும் வழியில் அம்மா மீன்காரியிடம் நின்றாள். செவுளைத் தூக்கிப் பார்த்து, பேரம் பேசி, தானே வாங்கினாள். மீன்காரி அவளை யார் என்று விசாரித்தாள். வீடு வந்ததும் அம்மா சொன்னாள், “போதும் புள்ளே. வயசான மனுஷன். இனி அந்தப் பக்கம் போவாத.”

அவளுக்குப் போதும். அவள் நல்லவள். எனக்குப் போதவில்லை.

அடுத்த கூட்டத்தையும் அங்கேயே கூட்டிப்போனேன். என் குடையைத் தூரத்தில் பார்த்ததும் பையன்கள் பெரிய கதவைச் சாத்தினார்கள், திட்டிவாசலுக்கு உள்ளிருந்து தாழ் போட்டார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் அவருடைய இருமல் கேட்டது. நான் கூட்டத்தைக் கதவுக்கு நெருக்கமாக நிறுத்தினேன். அந்தத் தெருவை விட்டே அவர் போன நாள்வரை ஒவ்வொரு கூட்டத்தையும் அங்கேதான் நிறுத்தினேன். வந்தவர்களுக்கு ஒரு தடவை இங்கிலீஷில் சொன்னேன். பிறகு அவருக்காக, நிறுத்தி நிதானமாக, மலையாளத்தில் முழுவதையும் முதலிலிருந்து சொன்னேன்.