பாவாயியின் கிளிஞ்சலும் கோழியின் தைமஸும்

1. சாக்குப்பையில் வந்த கோழிகள்

எண்பதுகளின் தொடக்கம். "மாட்டு டாக்டருக்குப் படிச்சுட்டு கோழி வயித்தைக் கிழிக்கவா போற?" என்று ஆத்தூரில் என் சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாமக்கல்லில் ஒரு சிறிய கோழி நோய் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்துவிட்டேன்.

ஒரு காலை பாவாயி சாக்குப்பையோடு உள்ளே வந்தார். மோகனூர்ப் பக்கம் தோட்டத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்தவர். பையில் சில கோழிகள் செத்திருந்தன. உயிரோடிருந்த இரண்டும் ஒரு காலை முன்னாலும் ஒரு காலைப் பின்னாலும் நீட்டிக்கொண்டு கிடந்தன. அவை கிடந்த விதத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மாரெக்ஸ் நோய். ஒரு வைரஸால் கோழிக்கு வரும் புற்றுநோய்.

"ஏனுங்க டாக்டரம்மா, போன பேட்ச்சும் இப்படித்தானுங்க போச்சு. இந்தத் தடவை நீங்களே ஊசி போட்டீங்க. இனி வராதுன்னு சொன்னீங்க."

சொன்னது உண்மைதான். வான்கோழி வைரஸிலிருந்து செய்த வேக்சின் அது. பொரித்து ஒரு நாளான குஞ்சுக்குக் கழுத்துத் தோலுக்கடியில் போட்டால் கட்டி வராமல் காக்கும். புற்றுநோய்க்குத் தடுப்பூசி என்பதே மனிதர்களுக்குக் கனவாக இருந்த நாளில், கோழிக்கு அது கிடைத்திருந்தது. அந்தப் பெருமையை நான் ஊரெல்லாம் பேசித் திரிந்தேன்.

பாவாயியின் கணவர் நாச்சிமுத்து லாரி ஓட்டுபவர். இந்த பேட்ச்சும் போனால் தீவனத் தொட்டிகளைத் தூக்கி எறிந்துவிட்டு ஷெட்டில் லாரியை நிறுத்தப்போவதாகச் சொல்லியிருந்தார். அந்த ஷெட் பாவாயியின் ராஜ்யம். மாமியாரோ கணவரோ கேள்வி கேட்காத ஒரே இடம் அதுதான் என்று என்னிடம் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அன்று அவர் சிரிக்கவில்லை.

செத்த கோழிகளை அறுத்தேன். ஈரல் வீங்கி, அதில் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள். தொடை நரம்பு தடித்துப்போயிருந்தது. கட்டியைக் கண்ணாடித் துண்டில் ஒற்றிச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கும் காட்சி அது. அந்தக் கட்டி முழுக்க லிம்போசைட்டுகள். உடம்பைக் காவல் காக்க வேண்டிய அணுக்களே வைரஸ் புகுந்து புத்தி மாறி, கட்டியாகப் பெருகி நிற்கின்றன. மற்ற காவல் அணுக்கள் இவற்றை அடையாளம் கண்டு அழிக்க வேண்டும். அதற்குப் பழக்குவதுதான் வேக்சினின் வேலை.

இங்கே ஏன் அது நடக்கவில்லை? வேக்சினைப் பனிக்கட்டி பிளாஸ்கில்தான் கொண்டுபோனேன். அன்றைக்கே, அதே பெட்டி வேக்சினைப் போட்ட மற்ற பண்ணைகளில் குஞ்சுகள் நன்றாக இருந்தன.

அப்புறம்தான் கழுத்தைத் திறந்தேன். கோழிக்குத் தைமஸ் சுரப்பி கழுத்தின் இரு பக்கமும் மணி கோத்ததுபோல் இருக்கும். காவல் அணுக்கள் பாடம் படிக்கிற பள்ளிக்கூடம் அது. இந்தக் கோழிகளில் மணிகளைக் காணோம், நூல் மட்டும்தான் இருந்தது. மாரெக்ஸும் தைமஸைச் சுருக்கும் என்பது தெரியும். ஆனால் இறகு பிய்ந்தும், கால் தோல் செதில் செதிலாகவும் இருந்ததற்கு மாரெக்ஸைக் காரணம் சொல்ல முடியாது.

"அக்கா, நாளைக்கு நான் பண்ணைக்கு வர்றேன்" என்றேன்.

2. தீவனத் தொட்டி

தொட்டியில் கையை விட்டதும் நறநறவென்றது. கிளிஞ்சல். முட்டையிடும் கோழிக்குப் போடும் அளவுக்கு மேலேயே, வளரும் குஞ்சுகளின் தீவனத்தில் கலந்திருந்தது.

"இது எதுக்குங்க அக்கா?"

பாவாயி பெருமையாகச் சொன்னார்: "குஞ்சுலருந்தே கிளிஞ்சல் தின்னாத்தானுங்க முட்டை ஓடு கெட்டியா வரும். நம்மூட்டு முட்டை லாரியில மெட்ராசு போனாலும் ஒண்ணு ஒடையக்கூடாதுங்க. தீவனக் கடைக்காரரு போடற அளவு பத்தாதுன்னு நானே ரெண்டு கூடை சேத்திக் கொட்டறனுங்க."

எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சுற்றுவட்டாரத்தில் பலரும் கொஞ்சம் கிளிஞ்சல் கூட்டிப் போடுபவர்கள்தான். ஆனால் பாவாயிக்கு எதையும் கொஞ்சமாகச் செய்யத் தெரியாது. போதாததற்குத் தீவனத்தில் பாதி தவிடு.

தவிட்டில் இருக்கும் ஒரு பொருள் ஜிங்க் என்கிற துத்தநாக உப்பைப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் அதிகமானால் அந்தப் பிடி இன்னும் இறுகும். தீவனத்தில் சேர்க்கும் தாது உப்புக் கலவையில் ஜிங்க் இருந்தும் கோழியின் ரத்தத்துக்குப் போய்ச் சேராது. ஜிங்க் இல்லாவிட்டால் இறகு பிய்யும், கால் தோல் செதிலாகும், தைமஸ் சுருங்கும், காவல் அணுக்கள் பெருகாது. ஊசி போட்டும் பாடம் கேட்க மாணவர்கள் இல்லை. மூட்டைத் தீவனத்தில் ஒரு கைப்பிடிகூட வராத உப்பு அது. அது இல்லாமல் புற்றுநோயோடு மோதும் ஒரு பட்டாளமே எழ முடியவில்லை. கல்லூரியில் படித்து மார்க் வாங்கிய விஷயம்தான், அன்று அந்த ஷெட்டில் நின்றபோதுதான் உறைத்தது.

சொன்னேன். பாவாயி கையில் இருந்த கூடையைக் கீழே வைத்தார்.

"அப்ப நாந்தானுங்களா கொன்னது?"

"வைரஸ் கொன்னுச்சு. நீங்க தெரியாம அதுக்குக் கதவைத் திறந்து விட்டுட்டீங்க" என்றேன். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது.

கட்டி வந்துவிட்ட கோழிகளை எந்த உப்பும் காப்பாற்றாது என்பதையும் மறைக்கவில்லை. கிளிஞ்சலை நிறுத்தி, தவிட்டைக் குறைத்து, கொஞ்சம் ஜிங்க் சல்ஃபேட்டைத் தீவனத்தில் சேர்க்கச் சொன்னேன். உடனே, "ரெண்டு பங்கு போடட்டுங்களா?" என்று கேட்டார். "அதுவும் விஷமாகும் அக்கா" என்று அதட்டினேன்.

சாவு குறைந்தது. ஜிங்கினாலா, கோழிகள் அந்த நோய் தாக்கும் வயதைத் தாண்டியதாலா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. நாச்சிமுத்துவிடம் அதையேதான் சொன்னேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "இன்னும் ஒரே பேட்ச் பாக்கலாமுங்க. அதுவும் போச்சுன்னா என் லாரி ஷெட்டுக்குள்ள வந்துரும்" என்றார்.

3. அடுத்த பேட்ச்

அதே ஷெட், அதே வேக்சின், திருத்திய தீவனம். கழுவிச் சுண்ணாம்பு அடித்தும் இடுக்குகளில் பழைய தூசி இருக்கத்தான் செய்தது. அந்தத் தூசியில்தான் வைரஸ் இருக்கும். புதுக் குஞ்சுகள் அதைத்தான் சுவாசிக்கும். வேக்சின் வைரஸ் நுழைவதைத் தடுக்காது, கட்டி வருவதைத்தான் தடுக்கும். நான் பண்ணைக்குப் போகும்போதெல்லாம் முதலில் கால்களைத்தான் பார்ப்பேன். செதில் இல்லை. ஒன்றுகூடக் காலை நீட்டிக் கிடக்கவில்லை. கோழிகள் முட்டையிடத் தொடங்கின. நாச்சிமுத்து லாரிக்குத் தனியாக ஒரு கொட்டகை போட்டுக்கொண்டார்.

ஒரு நாள் பாவாயி மறுபடியும் சாக்குப்பையோடு வந்தார். அவசரமாகப் பையைப் பிரித்தேன். உள்ளே ஒரே ஒரு கோழி, தொண்டையில் பல்பட்ட காயம்.

"கீரி கடிச்சுப்போட்டுதுங்க. நீங்க நல்ல கோழி ஒண்ணு அறுத்துப் பாக்கோணும்னு கேட்டீங்களே. எனக்கு அறுக்க மனசு வல்லீங்க. இதைப் பாத்துக்கங்க."

கழுத்தைத் திறந்தேன். காயத்துக்குக் கீழே இரு பக்கமும் தைமஸ் மணிகள் வெளிர் சிவப்பில் கொழுகொழுவென்று இருந்தன. ஈரல் சுத்தம். தொடை நரம்பு வெள்ளை நூலாக மின்னியது. தைமஸை ஒற்றிச் சாயம் போட்டு அவரையே மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னேன்.

"ஏ அப்பா. வைகாசிச் சந்தையாட்டம் கூட்டமுங்க."

"அத்தனையும் காவல்காரங்க. இந்தக் கோழி தினமும் அந்த நோயை மூச்சுல இழுத்திருக்கு. இவங்க தினமும் அடிச்சு விரட்டியிருக்காங்க. வெளியில ஒண்ணுமே தெரியல பாருங்க."

அவர் கண்ணை எடுக்காமலே கேட்டார்: "மனுசருக்கும் இப்படித்தானுங்களா?"

"நமக்குள்ளயும் காவல் இருக்கு, அதுக்கும் ஜிங்க் வேணும். ஆனா அதைத் தின்னா புத்துநோய் வராது, வந்தது போயிரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பண்ணைக்காரர் எதைக் கொடுக்கலாம் என்று கேட்பார். நீங்கள் முதலில், இதுவரை எதை அதிகமாகக் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். உயிருக்குள் நமக்கு முன்னாலேயே பெரிய வேலை நடந்துகொண்டிருக்கிறது. அதை மறிக்காமல் இருந்தாலே பாதி வைத்தியம்.

அறுத்த கோழிகளை ஆய்வுக்கூடத்துக் குழியில் போடுவதுதான் எங்கள் வழக்கம். அன்று பாவாயி அந்தக் கோழியை வாங்கிச் சாக்குப்பையில் மெதுவாக வைத்தார்.

"ஊட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பொதைச்சுக்கறனுங்க. அத்தனை பெரிய நோவைச் செயிச்சுப்போட்டு, போயும் போயும் ஒரு கீரிகிட்டத் தோத்துப்போச்சுங்களே."