காதர் பாய் கூட்டி வைக்காத சூடு

கும்மிடிப்பூண்டி பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தபோது எஸ்.எம்.எஸ். வந்தது. காதர் பாய் தவறிவிட்டார், பழவேற்காட்டில் இன்று மாலை அடக்கம் என்று. வீட்டுக்குப் போகும் பேருந்தில் பழக்கத்தில் ஏறி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் ஓடினேன். நான்கு நாளாகிறது. இன்னும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதை எழுதுவதற்குள் மூன்று முறை எழுந்துவிட்டேன்.

தொழிற்பேட்டையில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைத் தெரியும். பிலிம் மெஷின் ஆபரேட்டர். சாப்பிடும்போதுகூட நின்றுகொண்டே சாப்பிடுவார். நான் லேப் கெமிஸ்ட். மண்ணிலேயே மக்கிப்போகும் நாற்றுப் பைகளை மரவள்ளி மாவில் செய்ய முயன்றோம். வெறும் மாவு பிலிம், அதாவது பை செய்யும் மெல்லிய தாள், தொட்டாலே கிழிந்தது. வலு சேர்க்க, பள்ளிப்பட்டுப் பக்கமிருந்து புளிச்சைச் செடியின் நார் வரவழைத்துப் பொடியாக நறுக்கிக் கலந்தோம். நார் திரண்ட இடத்தில் முதலில் கிழியும். அதனால் ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். “தோ பாரும்மா, இங்க குடும்பத்தோட குந்திக்கினு இருக்குது” என்பார்.

ஒருநாள் பிலிம் நான் எவ்வளவு இழுத்தும் கிழியவில்லை. துள்ளிக் குதித்தேன். காதர் பாய் ஒரு துண்டைப் பழவேற்காடு ஏரிக்கரையில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுபோய், மறுநாள் நமுத்த அப்பளம்போலத் திருப்பிக் கொண்டுவந்தார்.

“ஊட்டுக் கொடில மாட்டினேன். ஏரிக்காத்துக்கே இப்டி ஆயிடுச்சு. உன் ஏசி ரூம்ல இன்னா வேணா நிக்கும்மா. செடிக்கு தெனம் தண்ணி ஊத்துவாங்கல்ல?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “துணி காயப்போடற கொடி டெஸ்டிங் மெஷின் இல்ல பாய்” என்றேன். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. முதலாளியோ ரிப்போர்ட் எங்கே என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். கொடியில் மாட்டிய கதையை நான் ரிப்போர்ட்டில் எழுதவில்லை.

பைகள் திருவாலங்காட்டில் ஒரு நாற்றுப்பண்ணைக்குப் போயின. மூன்றாம் நாள் தூக்கியதும் அடி பிய்ந்து, கன்றுகள் வேர் தெரியக் கீழே கிடந்தன. முதலாளி எங்களை வரிசையாக நிற்கவைத்து, யார் தப்பு என்று கேட்டார். நான் ரிப்போர்ட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

“நான்தான் சார் ஹீட்டைக் கூட்டி வெச்சுட்டேன். மாவு கருகிப் போச்சு” என்றார் காதர் பாய்.

அவரை மெஷினிலிருந்து லோடிங்குக்கு மாற்றினார்கள். வெளியே ஓடிப்போய், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“உன்ன அனுப்பிட்டா இந்த நாரு வேலையவே மூடிடுவாங்க. பேஜார் பண்ணாத. ஏரிக்காத்த எழுது மொதல்ல.”

எழுதினேன். நார் மாவோடு ஒட்டிப் பிடிக்க, அதைக் காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில் ஊறவைத்தோம். பிலிமின் மேல் மெல்லிசாக மெழுகு பூசினோம். ஈரக்காற்றில் தொங்கவிட்டுச் சோதித்தோம். அடுத்த மழைக்குப் பைகள் தாங்கின. காதர் பாய் லாரியில் ஏற்றிய கட்டு ஒவ்வொன்றிலும் ஒரு மூலையை இழுத்துப் பார்த்து, தூரத்திலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்றே முதலாளியிடம் போயிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். எனக்கு வேலை நிரந்தரமானது. அவருக்கு ‘ஹீட்டு பாய்’ என்று பெயர் நிலைத்தது.

அடக்கத்தன்றும் வாசலில் யாரோ பாசமாக அந்தப் பெயரைச் சொன்னார்கள். அது காதில் விழுந்த அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க கூடவேதானே இருந்தீங்க. அவ்ளோ பார்த்துப் பார்த்து செய்றவரு, அன்னைக்கு மட்டும் எப்டிம்மா தப்பு பண்ணாரு?” என்று கேட்டார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அன்று மெஷினில் சூடு சரியாகத்தான் இருந்தது. தப்பு என்னுடையது.

அவர் கொடியில் மாட்டிய துண்டு, கிளிப் கடித்த தடத்தோடு என்னிடம் இருக்கிறது. அவருடையது என்று நான் வைத்திருப்பது அது ஒன்றுதான். நாளைக் காலை அதை எடுத்துக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போகிறேன்.