படங்கு விரித்த வகுப்பு

போன வாரம் எங்கள் பதுளை வகுப்புக்குப் புதுப் பாய்கள் வந்தன. நீலமும் ஊதாவுமாய் ரப்பர்ப் பாய்கள். ஒன்றை உதறி விரித்ததுதான் தாமதம், அந்த வாசனை மூக்கில் ஏறி என்னை அப்படியே பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் விட்டது. புது ரப்பர் வாசனை மற்றவர்களுக்குச் செருப்புக் கடையை நினைவூட்டலாம். எனக்கு அது படங்கு. கொழுந்து பறிக்கிற பெண்கள் செடியின் ஈரம் படாமல் இடுப்பில் சுற்றிக் கட்டுவார்களே, அந்தத் தடித்த ரப்பர்ச் சீலை. ஒரு மழை கண்டுவிட்டால் தேயிலைச் சாறும் வியர்வையும் ஏறி அதன் வாசனையே மாறிவிடும். நான் முதன்முதலில் யோகா வகுப்பு நடத்தியது அதை விரித்துத்தான். சிரிக்காதீர்கள்.

அப்போது யோகா ஆசிரியைப் பயிற்சிக்காகச் சனிக்கிழமைதோறும் பதுளைக்கு பஸ் ஏறுவேன். அந்தப் பாதையின் வளைவுகளை நீங்கள் பார்த்ததில்லை என்றால் உங்கள் வயிறு கொடுத்துவைத்தது. இறங்கும்போது எனக்குக் குடல் தொண்டையில் நிற்கும். மண்டபத்துக்குள் நுழைந்ததும் மிஸ், "மூச்சை அடிவயித்துக்குக் கொண்டு போங்க" என்பார். அங்கே காலையில் குடித்த தேத்தண்ணீரே இருக்கமாட்டேன் என்கிறது, மூச்சு எங்கே போக? எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அந்த மிஸ் மகா கறார். தோள் எலும்பு எப்படிச் சுழலும், எந்தத் தசை எதை இழுக்கும் என்று கேட்டுத் துளைத்துவிடுவார். ஒருநாள், எந்த ஆசனம் உங்களுக்குக் கஷ்டம் என்றார். "சும்மா இருக்கிறதுதான் மிஸ்" என்றேன். கோபம் என் மூக்குநுனியில் குடியிருந்த காலம் அது. மிஸ் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

வீட்டில் அம்மாவுக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகிறவர். இரவு ஜெபத்தில், "ஏசப்பா, இந்தப் புள்ள கால் கையப் பின்னிக்கிட்டுக் கெடக்குது, நீயே பிரிச்சு விடு" என்று சத்தமாகவே சொல்வார், எனக்கும் கேட்கட்டும் என்று.

பிரித்துவிட வேண்டியது உண்மையில் அவருடைய தோளைத்தான். பறித்த கொழுந்தைத் தோளுக்கு மேலாக முதுகுக் கூடையில் போட்டுப் போட்டே வலது தோள் இறுகிவிட்டது. கை நெஞ்சுக்கு மேலே எழும்பாது. டிஸ்பென்சரியில் தைலம் கொடுத்தார்கள். லயத்து வரிசை வீடுகள் முழுக்க மணந்ததே தவிர தோள் அசையவில்லை. கொழுந்து குறைந்தது. அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம், விழத் தொடங்கியது. கொழும்புத் துணிக்கடையில் எனக்கு மாமா வேலை சொல்லி வைத்திருந்தார். சான்றிதழ் கிடைத்தால் ஊரோடு இருந்து சொல்லிக்கொடுக்கலாம், இல்லாவிட்டால் கொழும்புதான். இந்தத் தோளோடு அம்மாவைத் தனியே விட்டு எப்படிப் போவது? அந்த நாட்களில் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

சான்றிதழுக்கு ஒரு நிபந்தனை உண்டு. சொந்த இடத்தில் சில மாதம் வகுப்பு நடத்த வேண்டும், கடைசியில் மிஸ் வந்து பார்ப்பார். கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் புல்தரை. அந்தி நிறுவை முடிந்ததும் பெண்கள் அங்கே படங்கை அவிழ்த்து விரிப்பார்கள். அம்மாவும் வந்தார். "ஆளு கொறைஞ்சா ஒனக்கு அவமானம், அதுக்குத்தான்" என்றார்.

கையை நீட்டினார்கள், கழுத்தைச் சுழற்றினார்கள், எல்லாம் சரி. படுக்கச் சொன்னால்தான் வம்பு. "பொழுதோட படுக்க நாங்க என்ன சீக்காளியா?" நான் சும்மா இருந்திருக்கலாம். சவாசனம் என்றால் பிணம் மாதிரிக் கிடப்பது என்று விளக்கம் வேறு கொடுத்தேன். "வாயக் கழுவு டீச்சர்!" என்று ஏகக் கூச்சல். மறுநாள், "கட்டையச் சாய்ங்க" என்று மட்டும் சொன்னேன். மொத்தமும் சாய்ந்தது.

சில வாரங்களில் நல்ல தூக்கம் வருகிறது என்றார்கள். ஒரு அக்கா, "இப்பல்லாம் அவரு குடிச்சிட்டு வந்தா மூச்ச எண்ணிட்டுத்தான் திட்டுறேன்" என்றார். இதைவிட வேறென்ன பலன் வேண்டும், சொல்லுங்கள். அம்மா மட்டும் தோளைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மிஸ் வந்த அன்று வகுப்பு தேன்போலப் போனது. கடைசியாக எல்லாரும் சாய்ந்தார்கள். கொசுவுக்காகத் தலைத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டு வரிசையாகக் கிடந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கொழுந்து ஏற்ற லொறி வந்தது. டிரைவர் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"ஐயோ! குளவி கொட்டிருச்சு! எல்லாம் விழுந்து கெடக்குதுங்க!"

அவரையும் குறை சொல்ல முடியாது. குளவி கொட்டியவர்களை அதே லொறியில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனவர் அவர். பெண்களுக்குக் காதில் விழுந்தது 'குளவி' மட்டும்தான். ஓடினால் துரத்தும், இருந்த இடத்திலேயே குப்புறப்படுத்து மூடிக்கொள் என்பது எங்கள் தோட்டத்துப் பழக்கம். கண்மூடித் திறப்பதற்குள் அத்தனை பேரும் புரண்டு படங்குக்குள் மறைந்துவிட்டார்கள். மிஸ் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு நாற்காலிக்கு அடியில் போய்விட்டார். ஆசிரியை நான் மட்டும் நட்டநடுவில் திறந்த வாயோடு நின்றேன்.

"ஏ புள்ள, மரம் மாதிரி நிக்கிறியே! உள்ள வா!"

அம்மாதான். முழங்காலில் நின்று படங்கை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். வலது கையும்! முழுதாக, நேராக! பாய்ந்துபோய் உள்ளே புகுந்தேன்.

"அம்மா, கை!"

"கை கெடக்கட்டும், மூஞ்சிய மூடு!"

அந்த இருட்டுக்குள் நான் அழுத அழுகை இருக்கிறதே! அம்மா குளவிதான் கொட்டிவிட்டது என்று நினைத்தார்.

ஒரு ஈகூட வரவில்லை. "சும்மாவா படுத்திருந்தீங்க?" என்று டிரைவர் அண்ணன் அசடு வழிந்தார். மிஸ் சேலையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, "பாதி வகுப்புக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். கறார் என்றேனே. எனக்குக் கொழும்பு பஸ்ஸின் ஹார்ன் கேட்டது.

மூச்சை எண்ணித் திட்டுகிற அக்காதான் முதலில் படங்கை மறுபடி விரித்தார். "பாதிதானே மிஸ்? மீதியும் பாருங்க." வீட்டில் அடுப்பு மூட்டவில்லை, பிள்ளைகள் பசியோடு இருந்தார்கள். ஆனாலும் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். டிரைவர் அண்ணன் லொறியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். கொஞ்சத்தில் இரண்டு பேரின் குறட்டை கேட்டது. மிஸ் பேனாவைத் திறந்தார்.

இன்று அந்த மடுவம் இல்லை. புல்தரையில் யாரோ போஞ்சிக் கொடி போட்டிருக்கிறார்கள். அந்தப் பெண்களில் பாதிப் பேர் வெளிநாட்டில். அம்மாவும் நானும் பதுளைக்குப் பக்கத்தில் ஹாலிஎலவுக்கு வந்துவிட்டோம். புதுப் பாய் வந்த அன்று காலை அம்மா கண்ணாடிக்கு முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தார். தோள் இறுகிக் கிடந்த காலத்தில், விடியற்காலை வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகுமுன் என் முழங்கால்களுக்கு இடையில் உட்காருவார், நான்தான் வாரிப் பின்னிக் கொண்டை போட்டுவிடுவேன். எண்ணெயும் அடுப்புப் புகையும் மணக்கும் அந்தத் தலை என் மடியில் சாய்ந்து எத்தனை காலமாயிற்று!

"நான் வாரி விடவாம்மா?" என்றேன்.

அம்மா கையை உயர்த்தி, கொண்டையில் ஊசியைச் செருகினார். "எனக்குத்தான் கை இருக்கே. நீ போ, ஒன் ஆளுங்க காத்துக்கிட்டு இருப்பாங்க."