மேற்கோள் முத்தையா

தோசைக்கல்லை அடுப்பில் வைத்த நேரத்தில் மகளின் போன் ‘டிங்’ என்றது. அவள் கட்டுரையை யாரோ மேற்கோள் காட்டியிருக்கிறார்களாம். எத்தனை பேர் என்பதைக்கூட அதுவே எண்ணிவிடுமாம். எனக்கு மூக்கு அரித்தது. இதே வேலைக்காக நான் தும்மிய தும்மல் கொஞ்சமா நஞ்சமா!

திருவனந்தபுரத்தில் ஒரு ஆராய்ச்சி நிலையத்து நூலகத்தில்தான் எனக்கு முதல் வேலை. தூசி படிந்த ஆய்விதழ்களைப் புரட்டி, ஒவ்வொரு கட்டுரையின் வாலிலும் யார் யாரைச் சொல்லியிருக்கிறார்கள் என்று பார்த்து அட்டையில் கோடு போட வேண்டும். ஏதோ நானே ஆராய்ச்சி செய்வதுபோல் தம்பானூர் பஸ் ஸ்டாண்டு வரை பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

மிளகுக்கொடி வாடல் நோயை ஆராய்ந்த வேலப்பன் சாருக்கு அப்போது பதவி உயர்வு வரவேண்டியிருந்தது. பிறர் அவரை மேற்கோள் காட்டிய கணக்கைக் கொடுத்தால்தான் கிடைக்கும். எண்ணிப் பார்த்தேன். அவரைச் சொன்ன ஒரே ஆள் அவரேதான். எல்லாரும் முத்தையா என்று யாரையோ தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள் சார் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

சார் நெற்றியில் கை வைத்தார்.

“அது எங்க அப்பாவாக்கும்.”

வெளிநாட்டு இதழ்க்காரன் குடும்பப் பெயர் கேட்டிருக்கிறான். நமக்கு ஏது அதெல்லாம்? இவர் இனிஷியலை விரித்து அப்பா பெயரை எழுதிவிட்டார். கட்டுரையின் தலையில் வேலப்பன் முத்தையா. பிறர் போடும் பட்டியலில் வெறும் முத்தையா. சாலைக் கடைத்தெருவில் மிளகு மொத்த வியாபாரம் பார்த்த மனிதர் உலகம் முழுக்க நோய் நிபுணராகிவிட்டார்.

கட்டுரைகள் தன்னுடையவை அல்ல என்று அப்பாவே எழுதிக் கொடுக்க வேண்டும் என்றது தேர்வுக் குழு. நானும் சாரும் சாலைக் கடைக்குப் போனோம். விஷயத்தைக் கேட்ட பெரியவர் மூட்டைமேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்தெந்த ஊரில் சொல்கிறார்கள் என்று விசாரித்தார். பிரேசில் என்றதும் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு, என்னை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பேனாவைத் திறந்தாரே ஒழிய கையெழுத்து மட்டும் போடவில்லை.

“ஒப்பு போட்டா, பொறவு அவனுவ எம்பேரச் சொல்ல மாட்டானுவளா மோளே?”

சொல்வார்கள் என்று சத்தியம் செய்தேன். இனி எழுதுவதெல்லாம் அதே பெயரில்தான் என்றார் சார். அப்புறம்தான் கையெழுத்து விழுந்தது. பதவியும் வந்தது.

இப்போது பெரியவர் இல்லை. சாரும் போய்ச் சேர்ந்தார். இதழ்களை எடைக்குப் போட்டாயிற்று. கடை இருந்த இடத்தில் போன் உறை விற்கிறார்கள். மிளகு நெடியே இல்லை. மகளிடம் முத்தையாவைத் தேடச் சொன்னேன். போன மாதம்கூட பிரேசிலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கூப்பிட்டுச் சொல்லத்தான் சாலையில் ஆளில்லை.