அப்பாவுக்கு என்ன ஷிப்ட்?

எஸ்தர் அக்கா இறந்துவிட்டார் என்ற தந்தி நாகர்கோவிலிலிருந்து வந்தபோது சுரங்கத்தில் முதல் ஷிப்ட் முடிந்து சங்கு ஊதிக்கொண்டிருந்தது. தந்தியை அனுப்பியவர் அவருடைய தம்பி. உடம்புக்கு முடியாமல் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போன அக்கா, அங்கே ஒரு வருடம்கூட இருக்கவில்லை. மருந்துத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே வார்டின் நடுவில் நின்று அழுதேன். பொழுது சாய்வதற்குள் டவுன்ஷிப் முழுவதும் செய்தி பரவிவிட்டது. கேட்டவர்களெல்லாம் "தங்கமான அம்மா" என்றார்கள். அந்தத் தங்கத்தை இவர்கள் உரசிப் பார்த்த விதம் எனக்குத் தெரியும்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எஸ்தர் அக்காவும் நானும் நெய்வேலி நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்தோம். ஒரே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஆள் நல்ல உயரம். நடந்து வந்தால் வராந்தாவே அதிரும். மீன் கிடைக்காத நாளில் அவர் முகத்தில் ஈயாடாது. நாகர்கோவில் பேச்சு கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை. எல்லோரையும் 'மக்கா' என்றுதான் கூப்பிடுவார். ஒருமுறை ஆஸ்பத்திரியைப் பார்வையிட வந்த பெரிய அதிகாரியையும் அப்படிக் கூப்பிட்டுவிட்டு, மருந்தறைக்குள் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்தது எமர்ஜென்சி முடிந்த சமயத்தில். மதுவிலக்கு அமலில் இருந்தது. ஆனாலும் பெரியவர்களுக்குப் பாண்டிச்சேரியிலிருந்து பாட்டில் வந்துகொண்டுதான் இருந்தது. குடித்துவிட்டு மறுநாள் பள்ளி விழா மேடையில் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு வாய்த்தது இருமல் மருந்தும் தூக்க மாத்திரையும். பதினைந்து, பதினாறு வயதுப் பையன்களை நடுப்பகலில், கண் சொருகிய நிலையில் தூக்கிக்கொண்டு வருவார்கள். என்ன சாப்பிட்டான் என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். "மந்தாரக்குப்பத்துக் கடையில பரோட்டா சாப்பிட்டான் சிஸ்டர், ஒத்துக்கல." பெற்ற பிள்ளை மூச்சு விடத் திணறும்போதும் பரோட்டா மேல் பழி போடுகிற அந்த வாய்களைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருக்கும்.

அக்கா அந்தக் கேள்வியையே கேட்கமாட்டார். பையன் கண் விழித்ததும் தலைமாட்டில் உட்கார்ந்து, "அப்பாவுக்கு என்ன ஷிப்ட், மக்கா?" என்பார். பெரும்பாலும் "நைட்" என்றுதான் பதில் வரும்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் குவார்ட்டர்ஸுகள் சின்னவை. நைட் ஷிப்ட் முடித்து அப்பா காலையில் வந்து படுத்தால் வீடே மூச்சை அடக்கிக்கொள்ளும். ரேடியோ பாடாது, குக்கர் விசிலடிக்காது. பெண்பிள்ளைகள் அம்மாவோடு சமையலறையில் முடங்கிவிடுவார்கள். குரல் உடைந்து, கால் நீண்டு, மெதுவாக நடக்கத் தெரியாத பையன்களை மட்டும் "அப்பா தூங்குறாரு, வெளிய போ" என்று அனுப்பிவிடுவார்கள். லீவு நாளில் சாயங்காலம்வரை அவன் எங்கே போவான்? முந்திரித் தோப்புக்குத்தான். அங்கே யாராவது எதையாவது வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்பாவின் பகல் தூக்கத்துக்காக வாங்கி வைத்த மாத்திரையும் சில பையன்களின் சட்டைப் பையில் அங்கே வந்து சேரும்.

"தகப்பன் தூங்கணும்னு பிள்ளையை வெளியே தள்ளுகோம். அவனும் வெளியே போய்த் தூங்குகான். வேற என்ன செய்வான்?" என்று அக்கா என்னிடம் ஒருநாள் கேட்டார். அவர் கோபத்தில் குரல் உயர்த்தி நான் கேட்டது குறைவு, அன்று உயர்த்தினார்.

எங்கள் பிளாக்கில் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு ஹால் உண்டு. கல்யாணத்துக்கும் சீட்டாட்டத்துக்கும் தவிர அதைத் திறக்கமாட்டார்கள். பகலில் பையன்களுக்காகத் திறந்து வையுங்கள் என்று அக்கா போய்க் கேட்டார். நானும் கூடப் போயிருந்தேன். செயலாளர் வெற்றிலையை மென்றுகொண்டே, "தொறந்து விட்டா நம்ம பிளாக்குல இந்தப் பழக்கம் இருக்குன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் சிஸ்டர். நம்ம பிள்ளைங்க எல்லாம் நல்ல பிள்ளைங்க" என்றார். அவர் காலுக்கடியில் பாண்டிச்சேரி பாட்டில்கள் உருண்டு கிடந்தன. சீ.

அக்கா எங்கள் வீட்டைத் திறந்துவிட்டார். முன்னறையில் ஒரு கேரம் போர்டு, கொஞ்சம் பழைய வாரப் பத்திரிகைகள், கறுப்புக் காப்பி. அவர் டூட்டியில் இருந்தால் நான் இருப்பேன். அவர் புத்திமதி சொல்லி நான் கேட்டதே இல்லை. சண்டை போட்டால் போடட்டும் என்று விட்டுவிடுவார். எவனாவது விளையாடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் போய்த் தானும் பேசாமல் உட்கார்ந்துகொள்வார். அவனாகப் பேசுகிறவரை எழுந்திருக்கமாட்டார். அப்படிப் பேசியவர்களில் ஒருவன் மனோகரன். அப்பா அடித்தது, கணக்கு ஏறாதது, இருந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றுவது, எல்லாவற்றையும் அக்காவிடம்தான் சொன்னான்.

ஊர் சும்மா இருக்குமா? வயசுப் பையன்களோடு கல்யாணமாகாத பொம்பளைகளுக்கு என்ன வேலை என்று ஆரம்பித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை செயலாளர் தலைமையில் கும்பலாக வந்து வாசலில் நின்று பேசினார்கள். அந்த வார்த்தைகளை இங்கே எழுதினால் பேனாவைக் கழுவ வேண்டும். எங்கள் வீட்டுப் படி ஏறுகிற பையனின் காலை ஒடிப்போம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். பையன்கள் வீட்டில் அடிபடக்கூடாதே என்று அக்கா கதவைச் சாத்தினார்.

சாத்திய சில நாட்களிலேயே மனோகரனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவன் அப்பா கலியமூர்த்தி பக்கத்துக் கிராமத்துக்காரர். அவர் குடும்பத்தில் எல்லோரும் அடுத்தவர் வயலில் கூலிக்கு உழைத்தவர்கள். மைன்ஸில் வருடக்கணக்காகக் காண்ட்ராக்டில் கிடந்து அப்போதுதான் பர்மனெண்ட் ஆகியிருந்தார். அவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பரோட்டான்னு சொல்லிடுங்க சிஸ்டர். இப்பத்தான் நாலு பேரு மதிக்கறாங்க. மானம் போயிடுங்க."

"மானம் போனா திரும்பி வரும் மக்கா. இவன் போனா வருவானா? என்னத்தை முழுங்கினான், சொல்லு."

கலியமூர்த்தி மறுபடியும், "பரோட்டாதாங்க" என்றார். அக்கா அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். அப்போதுதான் அந்த மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்து, "என் மாத்திரதாங்க. ரேடியோ மேல வெச்சிருந்தேன். டப்பா காலியா கெடந்திச்சி" என்று தலையில் அடித்துக்கொண்டார். டாக்டர் உடனே அதற்கான சிகிச்சையைத் தொடங்கினார். பரோட்டா என்றே நின்றிருந்தால் அன்று நாங்கள் பிணத்தைத்தான் கொடுத்து அனுப்பியிருப்போம்.

மறுநாள் கண் விழித்த மனோகரனிடம் அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. "ஏன் மக்கா?" என்று மட்டும் கேட்டார். அவன் சொன்னான்: "எங்க வூட்டுக் கதவும் சாத்திக்கினு இருந்திச்சி. உங்க வூட்டுக் கதவும் சாத்திக்கினு இருந்திச்சி. எங்க போறதுன்னு தெரியல சிஸ்டர்."

அன்று மாலை அக்கா வீட்டுக்கு வந்ததும் கதவைத் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாதபடி அம்மிக் குழவியை முட்டுக் கொடுத்தார். "இனி எவன் வந்து பேசினாலும் பேசட்டும்" என்றார். வந்து பேசத்தான் செய்தார்கள். அவர் ஊருக்குப் போகும்வரை அந்தக் குழவி அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அம்மியில் அரைக்க வேறு கல்லைத் தேட வேண்டியதாயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை அதே ஹாலில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். அதே செயலாளர், இப்போது பல் போய்விட்டது, நாக்கு போகவில்லை. அக்காவின் படத்துக்கு மாலை போட்டு, "இளைஞர்களின் அன்னை" என்றார். வாசலில் நின்று அன்று பேசியவர்கள் முன்வரிசையில் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. கடைசியில் மௌன அஞ்சலி என்றார்கள். எல்லோரும் எழுந்து நின்றோம்.

அந்த மௌனத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. மனோகரன். இன்று அவனும் மைன்ஸில் பர்மனெண்ட், ஒரு பிள்ளைக்கு அப்பா.

"நான் தின்னது பரோட்டா இல்லீங்க. எங்கப்பாவோட தூக்க மாத்திர. சாவத்தான் தின்னேன்."

செயலாளர் பதறிப்போய், "தம்பி, மௌனம் முடியட்டும்" என்றார்.

"இத்தினி வருசம் மௌனமாத்தான சார் இருந்தீங்க?" என்றான். கலியமூர்த்தி பக்கத்தில்தான் நின்றிருந்தார். மகனின் சட்டையைப் பிடித்து இழுக்கவில்லை. தோளில் கை வைத்துக்கொண்டார். முன்வரிசைக் கண்ணீர் அதோடு நின்றுபோனது.

இதைக் கேட்டு ஊர் திருந்திவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். மறுநாள் போய்ப் பார்த்தேன். ஹால் பூட்டியிருந்தது. அக்காவின் படத்தைக்கூட உள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

நேற்றுப் பகலில் மனோகரனின் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அவனுக்கு இந்த வாரம் நைட். முன்னறை நிறையப் பையன்கள், கேரம் காய்கள் மோதுகிற சத்தம், ஒருவன் ஏமாற்றிவிட்டான் என்று கூச்சல். உள்ளறையில் மனோகரன் கண்மேல் துண்டைப் போட்டுப் படுத்திருந்தான். நான் வந்தது தெரிந்து எழுந்து உட்கார்ந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"இந்த இரைச்சல்ல எப்படிடா தூங்குறே?"

"எங்க தூங்கறது சிஸ்டர். இந்தச் சத்தம் கேட்டுக்கினே இருக்கணும். நின்னுப்போச்சின்னாதான் பயந்துக்கினு எழுந்து வந்து பாக்கறேன்."

அக்கா, நிம்மதியாகப் போய் வாருங்கள். நீங்கள் ஊருக்குப் போகும்போது அவனிடம் கொடுத்துவிட்டுப் போன அம்மிக் குழவியை வாசலில் பார்த்தேன். கதவு திறந்திருக்கிறது.